அப்பாவையும் பேட்டி எடுத்தார்கள்

எனக்கு அந்தப் படிப்பின் மேல் ஆசை வந்ததற்குக் காரணம் பொறாமைதான். இதைவிட நல்ல காரணமாக ஒன்று சொல்லலாம், ஆனால் பொய்யாகிவிடும். நான் பத்தாம் வகுப்பில் இருந்தபோது கொச்சியிலிருந்து ஏலக்காய் வாங்க வரும் ஒரு வியாபாரி தன் மகளையும் கூட்டிக்கொண்டு போடிக்கு வந்திருந்தார். அவர் வேலை முடியும்வரை அந்தப் பெண் எங்கள் கடையில் உட்கார்ந்திருந்தாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். மடியில் லேப்டாப்பை வைத்து எதையோ தட்டிக்கொண்டே இருந்தாள். பரீட்சைக்குப் படிக்கிறாயா என்று கேட்டேன். இல்லை, ஒரு கட்டுரை எழுதுகிறேன், கேள்வியும் என்னுடையது, பதிலையும் நான்தான் தேட வேண்டும், பல மாதம் எடுத்துக்கொள்ளலாம் என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. கேள்வியை மாணவியே போட்டுக்கொள்வதா? எங்கள் பள்ளியில் கேள்வி என்பது பாடத்தின் பின்பக்கத்தில் இருப்பது. ஐந்து மதிப்பெண் வினாவுக்கு எத்தனை வரி எழுத வேண்டும் என்பதுகூட முன்பே முடிவாகியிருக்கும். வேறு ஏதாவது கேட்டால், "அது பரீட்சைக்கு வராது, உக்காரு" என்று சொல்வார்கள். பரீட்சைக்கு வராது என்ற ஒரே குற்றத்துக்காக உட்கார வைக்கப்பட்ட கேள்விகள் என்னிடம் நிறைய இருந்தன.

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பதிலாக இரண்டு வருடம் படிக்கிற ஒரு சர்வதேச டிப்ளமா அது. ஆறு பாடம், அந்த நீண்ட கட்டுரை, அதோடு 'ஒரு விஷயம் நமக்குத் தெரியும் என்று எதை வைத்துச் சொல்கிறோம்' என்று யோசிப்பதற்காகவே ஒரு தனி வகுப்பு. கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. இப்படி ஒரு வகுப்பு எங்கோ நடந்துகொண்டிருக்கிறது, அதில் இவள் உட்கார்ந்திருக்கிறாள், நான் இங்கே கோனார் கடைக்குப் பால் வாங்கப் போய்க்கொண்டிருக்கிறேன்.

தேடிப் பார்த்ததில் ரயிலில் ஒரு நாள் பயணத் தூரத்தில் ஓர் உறைவிடப் பள்ளி கிடைத்தது. அங்கே அந்த டிப்ளமா இருந்தது. விண்ணப்பிப்பவர்களில் சிலருக்குக் கட்டணமே இல்லாமல் இடம் கொடுப்பார்கள். அந்தச் சிலரில் ஒருத்தியாக நான் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பழைய பள்ளி, பழைய பெஞ்சு, பின்பக்கக் கேள்விகள். வீட்டில் கேட்காமலேயே விண்ணப்பத்தைத் தொடங்கிவிட்டேன்.

வீட்டில் சொன்னபோது அம்மா, "எங்கிட்டு இருக்கு அந்த ஊரு?" என்று மட்டும் கேட்டாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். அவர் போடியில் சின்ன ஏலக்காய்க் கடை வைத்திருந்தார். மலைத் தோட்டக்காரர்களிடம் காய் வாங்கி, சலித்து, பின்கட்டில் பெண்களை வைத்துப் பொறுக்கி விற்பார். பொறுக்கும் வேலையை அம்மா பார்த்துக்கொள்வாள். மலை உச்சியில் கேரள எல்லையாக இருக்கும் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து ஏலச்செடியும் போட்டிருந்தார். நான் ஒரே பிள்ளை.

சொந்தக்காரர்களுக்கு விஷயம் தெரிந்ததும் துக்கம் விசாரிக்கிற மாதிரி வந்தார்கள். எங்கள் பக்கம் பத்தாவது முடித்துவிட்டு டிப்ளமா போகிறாள் என்றால் பாலிடெக்னிக் என்றுதான் அர்த்தம். பக்கத்து ஊரான தேவாரத்திலிருந்து வந்த அத்தை என் தலையைத் தடவிக்கொடுத்து, "நல்லாத்தானே படிச்சுக்கிட்டு இருந்த? பரவால்ல ஆத்தா, சிவிலு எடு, வீடு கட்டுற எடத்துல எப்பவும் சோலி இருக்கும்" என்று ஆறுதல் சொன்னாள். நான் விளக்கிச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப கம்ப்யூட்டர் எடு" என்றாள்.

பள்ளியில் தலைமை ஆசிரியை என்னைப் பற்றி ஒரு குறிப்பு எழுதித்தர வேண்டியிருந்தது. அதில் ஒரு கேள்வி: 'இந்த மாணவி ஆசிரியரோடு கருத்து மாறுபட்ட ஒரு சந்தர்ப்பத்தை விவரிக்கவும்.' அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வாசித்தார்.

"எங்க ஸ்கூல் பிள்ளைங்க அப்படியெல்லாம் கெடையாதுன்னு எழுதிரட்டுமா?"

"வேணாம் மிஸ். எத்தன தடவ என்னைய வெளிய நிக்க வச்சிருக்கீங்க, அதுல ஏதாவது ஒண்ண எழுதுங்க மிஸ்."

"அதப் போய் எழுதுனா உனக்கு எடம் குடுப்பாங்களா?"

"அதுக்குத்தான் மிஸ் குடுப்பாங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கிண்டல் செய்கிறேனோ என்ற சந்தேகம் அவருக்குக் கடைசிவரை தீரவில்லை. ஆனால் எழுதினார். பூமியின் சுழற்சி பற்றி வகுப்பில் நான் போட்ட சண்டையை ஒரு பக்கத்துக்கு எழுதி, கடைசியில் 'மற்றபடி நல்ல பிள்ளை' என்று முடித்திருந்தார். இன்றுவரை அந்த அம்மாவுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

நானும் ஒரு கட்டுரை எழுத வேண்டும். நீ உன் மனதை மாற்றிக்கொண்ட ஒரு சமயத்தைப் பற்றி எழுது என்று தலைப்பு. முதல் நாள் முழுக்க, நான் என் மனதை மாற்றிக்கொண்டதே இல்லை என்ற முதல் வரியோடு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஏலக்காயைப் பற்றி எழுதினேன். காய் நல்ல பச்சையாக இருந்தால்தான் விலை. மணமோ உள்ளே இருக்கிற கறுப்பு விதையில் இருக்கிறது. தோலைத் தூக்கி எறிந்துவிடுகிறோம். தூக்கி எறிகிற தோலின் நிறத்துக்கு எதற்கு விலை? சின்ன வயதில் இதை அப்பாவிடம் கேட்டு, "போயி உன் சோலியப் பாரு" என்ற பதிலை வாங்கியிருந்தேன். வாங்குகிறவர்கள் எல்லோரும் முட்டாள்கள் என்பது அப்போது நான் எடுத்த முடிவு. பிறகு ஒருமுறை அப்பாவோடு மலைக்குப் போய், காயை உலர்த்துகிற ஸ்டோரில் ஒரு நாள் இருந்தேன். சூடு கொஞ்சம் கூடினாலும் பச்சை போய்விடும், குறைந்தாலும் போய்விடும். பச்சையாக வந்த காய் என்றால் யாரோ பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்ட காய். வாங்குகிறவர் அதற்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். வாங்குகிறவர்கள் பாதி முட்டாள்கள்தான் என்று மனதை மாற்றிக்கொண்டேன் என்று முடித்தேன்.

அந்தக் கட்டுரை அவர்களுக்குப் பிடித்துவிட்டது. பேட்டிக்குக் கூப்பிட்டார்கள். வீடியோவில் முதலில் என்னோடு பேசுவார்கள், பிறகு பெற்றோரில் ஒருவரோடு தனியாகப் பேசுவார்கள். அம்மா தனக்குப் பேச வராது என்று மறுத்துவிட்டாள். ஆகவே அப்பா.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் தன் சரக்கைத் தானே புகழ்கிற பழக்கம் கிடையாது. தோட்டக்காரர் மூட்டையை இறக்கி வைப்பார். எப்படி இருக்கு காய் என்று அப்பா கேட்பார். "சுமாருதாண்ணே" என்பார் அவர். மழையில் நனைந்து, அட்டைக்கடி பட்டு, கண்விழித்து உலர்த்திக் கொண்டுவந்த காயைத்தான் அப்படிச் சொல்வார். அப்பா மூட்டைக்குள் கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார், உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பார், ஒன்றை உடைத்து வாயில் போடுவார், "ம், சுமாருதான்" என்பார். இரண்டு பேருக்கும் விஷயம் புரிந்துவிடும். மாறாக ஒருவர், "ஒண்ணாந்தரமான காய்ண்ணே" என்று வாயெடுத்தால் அந்த மூட்டையை அப்பா தரையில் கொட்டிக் கிளறிப் பார்க்காமல் விடமாட்டார்.

பிள்ளைகள் விஷயத்திலும் அதே கதைதான். பெற்றவர்கள் வாயால் நல்லது சொன்னால் கண் பட்டுவிடும். நான் வகுப்பில் முதலாவது வந்தபோது கடையில் விசாரித்தவர்களிடம் அப்பா, "ஏதோ பாசாயிருக்கா" என்றார். பேட்டியன்று காலையில் அம்மா எனக்கு உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். கமறல் அடங்கவே நேரமாயிற்று. இந்த வீட்டிலிருந்து ஒருவரை என் நற்குணங்களைச் சொல்லச் சொல்லிக் கேட்கப்போகிறார்கள் என்பது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. என் பதில்களை ஒத்திகை பார்ப்பதிலேயே இருந்துவிட்டேன்.

கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் லேப்டாப்பை வைத்தோம். மூட்டைகள் தெரியக் கூடாது என்று அம்மாவின் சேலை ஒன்றைத் திரையாகக் கட்டினேன். அந்தப் பக்கம் இரண்டு பேர். வெள்ளைத் தாடி வைத்த ஒருவர், தமிழ் பேசுகிற ஓர் அம்மா. என்னோடு ஆங்கிலத்தில்தான் பேசினார்கள். எனக்கு வார்த்தை முட்டியபோது அந்த அம்மா, தமிழிலேயே சொல்லுங்கள் என்றார். தாடிக்காரர் என் ஏலக்காய்க் கட்டுரையை எடுத்து, அப்படியானால் அழகுக்கு விலை கொடுப்பது நியாயமா என்று கேட்டார். நான் ஒன்று சொன்னேன், அவர் மறுத்தார், அவர் மறுத்ததை நான் மறுத்தேன். ஒரு கட்டத்தில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தோம். என் வாழ்க்கையில் ஒரு பெரிய மனிதர் என்னை உட்கார் என்று சொல்லாமல் என்னோடு வாதாடியது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. இடம் எனக்குத்தான் என்று நினைத்துவிட்டேன்.

பிறகு அப்பாவைக் கூப்பிட்டேன். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து கல்யாண வீட்டில் போட்டோவுக்கு உட்கார்வது போல உட்கார்ந்தார். என்னை வெளியே போகச் சொன்னார்கள். போனேன். கதவுக்கு அந்தப் பக்கம் வரைதான் போனேன்.

"உங்க பொண்ணப் பத்திச் சொல்லுங்க சார்," என்றார் அந்த அம்மா.

"என்னத்தம்மா சொல்றது. இருக்கா."

"படிப்புல எப்படி?"

"சுமாரு."

"அவங்ககிட்ட நல்ல விஷயம்னு எதச் சொல்வீங்க?"

அப்பா யோசித்தார். நிறைய நேரம் யோசித்தார். எனக்கு நம்பிக்கைகூட வந்தது.

"அப்பிடிப் பெருசா ஒண்ணும் இல்லம்மா. கோவக்காரி. ஒரு சோலி சொன்னா ஒம்பது கேள்வி கேப்பா. காலையில எந்திரிக்க மாட்டா."

"ரெண்டு வருஷம் வீட்ட விட்டுட்டுத் தனியா இருந்துருவாங்களா?"

"கஷ்டந்தாம்மா. சாப்ட்ட தட்டக் கழுவத் தெரியாது. அங்க வந்தா உங்களுக்குத்தான் தொந்தரவு."

விசைப்பலகை தட்டுகிற சத்தம் கேட்டது. எழுதிக்கொள்கிறார்கள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்று சொல்வார்களே, அந்தத் தாழியை என் அப்பாவே எடுத்துப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தார்.

அவர் வெளியே வந்ததும் நான் போட்ட சத்தத்தில் பின்கட்டில் காய் பொறுக்கிக்கொண்டிருந்த அக்காமார் எழுந்து வந்துவிட்டார்கள். கையில் கிடைத்த தட்டைத் தூக்கி எறிந்தேன். பொறுக்கி வைத்த காய் அறை முழுக்கச் சிதறியது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் என்பது ஊரறிந்த விஷயம். அப்பா மட்டும் அசையவில்லை.

"காக்காய்க்குந்தான் தன் குஞ்சு பொன்குஞ்சு. நான் புகழ்ந்தா அவுக நம்புவாகளாக்கும்? ஆளப் பாக்கத் தெரிஞ்சவுக உன்னையப் பாத்து எடுத்துக்கிருவாக. நான் எதுக்குச் சொல்லணும்?"

"நான் என்ன மூட்டையாப்பா? சுமாருன்னா அவங்களுக்குச் சுமாருதான்! எழுதிக்கிட்டாங்க!"

"விடு ஆத்தா," என்றாள் அம்மா குனிந்து காயை அள்ளியபடி. "பெத்தவக வாயால சொன்னா கண்ணு பட்டுரும்னுதான் அப்பிடிச் சொல்லிருக்காரு. வேற என்ன?"

சுமார் என்று சொன்னதை நான் மன்னித்திருப்பேன். அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் வளர்ந்திருக்கிறேன். ஆனால் தட்டுக் கழுவத் தெரியாது என்பது பச்சைப் பொய். பத்து வயதிலிருந்து வீட்டில் பாத்திரம் விளக்குவது நான்தான். அங்கே வந்தால் தொந்தரவு என்பது எந்தக் கண்ணேறுக்குப் பரிகாரம்? அது என்னைக் குடைந்தது. அப்பாவோடு பேசுவதை நிறுத்தினேன். சாப்பாடு தயார் என்பதைக்கூட அம்மா வழியாகச் சொல்லி அனுப்பினேன். ஒரே வீட்டில், இரண்டு எட்டு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு.

அன்றைக்கே அந்தப் பள்ளிக்கு ஒரு மெயில் எழுதினேன். எங்கள் ஊரில் சுமார் என்றால் என்ன, கண் படுவது என்றால் என்ன, காய் விற்கிறவர்கள் எப்படிப் பேசுவார்கள், என் அப்பா சொன்னதில் எவையெல்லாம் உண்மை இல்லை என்று நீளமாக எழுதினேன். காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்பது மட்டும் உண்மை என்று ஒப்புக்கொண்டேன். பதில் வரவில்லை. பொதுத்தேர்வு வந்தது, எழுதினேன். வெயில் காலம் வந்தது. ராசிங்காபுரத்தில் சித்தப்பா வீட்டு விசேஷத்தில் எல்லோரும், டிப்ளமா என்னாச்சு என்று கேட்டார்கள். வாயைத் திறந்தால் சண்டை வந்துவிடும் என்று வாயில் லட்டை அடைத்துக்கொண்டேன்.

பிறகு பதில் வந்தது. இரண்டே வரி. சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு என் தந்தையோடு மறுபடி ஒருமுறை, தொலைபேசியில் பேச விரும்புகிறார்கள்.

அம்மா போய்ச் சொன்னாள். "சனிக்கெழம நான் மலைக்குல்ல போறேன்," என்றார் அப்பா.

"நானும் வர்றேன்னு சொல்லும்மா," என்றேன். இந்தத் தடவை அவரைத் தனியாக விடுவதாக இல்லை.

கடையின் பிக்கப் வண்டியில் போனோம். முந்தல் தாண்டி ஏற்றம் தொடங்கியதும், வேலைக்கு நேரமாகிவிட்ட ஒரு ஜீப்பு எங்களை முந்திப் போனது. தோட்ட வேலைக்குப் போகும் சிலமலை ஊர்ப் பெண்கள் தூக்குவாளிகளோடு நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருத்தி எங்கள் கடையில் முன்பு காய் பொறுக்கியவள். "என்னண்ணே, மகளக் கூட்டிக்கிட்டு?" என்று கத்தினாள். "சும்மா" என்று அப்பாவும் கத்தினார். வளைவுக்கு வளைவு குளிர் கூடியது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

தோட்டத்துக்குள் போய்விட்டால் சிக்னல் கிடைக்காது. போடிமெட்டில் ஒரு டீக்கடை ஓரமாகத்தான் ஒழுங்காகக் கிடைக்கும். அங்கே வண்டியை நிறுத்தச் சொன்னேன். அது எங்கள் சண்டைக்குப் பிறகு நான் அவரிடம் நேரடியாகச் சொன்ன முதல் வார்த்தை. நிறுத்தினார். கடைக்காரர், "மோளே, சாயா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டு அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றேன்.

அதே அம்மாதான். நலம் விசாரித்துவிட்டு, "சார், உங்க பொண்ணு எங்களுக்கு ஒரு மெயில் போட்டாங்க, தெரியுமா?" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். "என்னான்னு?"

"நீங்க சொன்ன எதையும் நம்ப வேணாம்னு. ரொம்பக் கோவமா."

"போடுவா," என்றார் அப்பா. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து போனது. எனக்குக் காது சூடேறியது.

"அது தேவையே இல்ல சார். எங்கப்பாவும் என்னைய அப்படித்தான் சொல்வாரு. அவங்க எழுதுனதப் படிச்சோம், அவங்களோட பேசுனோம். அவங்க மேல எங்களுக்குச் சந்தேகமே இல்ல. உங்க மேலதான் சந்தேகம்."

"எம்மேலயா?"

"முன்னாடி ஒரு பொண்ணுக்கு இடம் குடுத்தோம். கெளம்புற நேரத்துல வீட்டுல அனுப்ப மாட்டோம்னுட்டாங்க. அந்த இடம் யாருக்கும் இல்லாமப் போச்சு. அதனால உங்கள நேரா கேக்குறேன். உங்களுக்கு இவங்கள அனுப்ப மனசு இருக்கா?"

கட்டுரை, பேட்டி, மிஸ் எழுதிய குறிப்பு எல்லாம் முடிந்துவிட்டன. இனி நான் செய்வதற்கு ஒன்றுமே இல்லை. அப்பா வாயில் வருகிற ஒரு வார்த்தைதான் பாக்கி. சும்மா 'இருக்கும்மா' என்று சொல்லிவிட்டால் போதும். சொல்லுங்கப்பா, பொய்யாவது சொல்லுங்கப்பா என்று மனதுக்குள் கெஞ்சினேன். அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். புகை மூட்டத்துக்குள் போடி எங்கோ அடியில் கிடந்தது. லோடு ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அந்தச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்.

"மனசு இல்லம்மா."

டீக்கடை பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒத்தப் பிள்ள. அவ சத்தம் இல்லாட்டி கடையில எனக்குச் சோலி ஓடாது. அனுப்ப மனசே இல்ல." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா அனுப்புவேன். அத எழுதிக்கங்க. மனசு இல்ல, அனுப்புவேன்."

பிறகு, "சரி சார், இது போதும். இடம் அவங்களுக்குத்தான்" என்றார் அந்த அம்மா. அப்பா, "நல்லதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார். அதை அணைக்கத் தெரியாதவர் போல நீட்டினார். நான் வாங்கி நன்றி சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. கடைக்காரர் கேட்காமலேயே இரண்டு டீ கொண்டுவந்து வைத்தார்.

தோட்டத்துக்குப் போனோம். அப்பா ஆட்களோடு பேசினார், வாய்க்காலைப் பார்த்தார், ஸ்டோரில் ஓட்டை விழுந்த தகரத்தைப் பார்த்தார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. குதிக்க வேண்டும் போலவும் இருந்தது, அப்பாவின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாகவும் இருந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இறங்கத் தொடங்கினோம். வண்டி ஓட்டுகிறவரிடம் கேட்பது சுலபம், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு வளைவு தாண்டியதும் கேட்டுவிட்டேன்.

"அப்பா. அன்னைக்குத் தொந்தரவுன்னு சொன்னீங்கள்ல. தட்டுக் கழுவத் தெரியாதுன்னீங்கள்ல. அது வேணும்னேதானே?"

எதிரே ஒரு பஸ்சு ஏறி வந்தது. வண்டியை ஓரம் கட்டி, அது போகும்வரை நின்றார். பிறகு கியரைப் போட்டார்.

"பாதி," என்றார்.

"என்ன பாதி?"

"கண்ணு பட்டுருமேன்னு பாதி. அவுக வேண்டாம்னு சொல்லிட்டா நல்லாருக்குமேன்னு பாதி."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கத்துவதற்கு வார்த்தைகள் வரிசையாக வந்து நின்றன. நான் எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா, எவ்வளவு நாள் அழுதேன் தெரியுமா என்று ஆரம்பித்தேன். தெரியும் என்றார். தெரிஞ்சுமா என்றேன். தெரிஞ்சுதான் என்றார்.

"நீ மொதல்ல அவுககூடப் பேசுனேல்ல, அத வெளிய நின்னு கேட்டேன் ஆத்தா. இங்கிலீசு, எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஆனா நீ சிரிச்சுச் சிரிச்சுப் பேசுன. நம்ம வீட்டுல நீ அப்பிடிப் பேசி நான் கேட்டதே இல்ல. அதக் கேட்டுப் பயந்துதான் அன்னைக்கு அப்பிடிச் சொன்னேன், அத நெனச்சுத்தான் இன்னைக்கு அனுப்புறேன்னேன்."

வளைவில் வண்டியைத் திருப்பினார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அழுதேன், அவருக்குத் தெரிந்தேதான் அழுதேன். மலை இறங்கி முடிக்கும்வரை எனக்கு எங்கேயும் போக வேண்டாம் என்றிருந்தது. ஜூலையில் போனேன்.